பதில்: அம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்

வணக்கம் சகோதரி. 68 வயது அம்மா கேட்டதையே கேட்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார், சொந்தக்காரர்கள் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் மூளை நோய். பெண்களிடமும் கிராமங்களிலும் கூடுதல். பெரும்பாலானோருக்கு இல்லை என்றால், இது வெறும் வயசுக் கோளாறு இல்லையே!

அதற்காக, அம்மாவுக்கு டிமென்ஷியாதான் என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள்கூட இப்படி மறதியைத் தரும். இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் நரம்பியல் மருத்துவர். எப்போதிலிருந்து, என்னென்ன மறக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.