முதல் பவளம் எது? ரீஃப் தொட்டிக் கேள்வி பதில்

கடல்நீர்த் தொட்டியில் முதன்முதலாகப் பவளம் வைக்கப் போகிறவர்களும், வைத்துவிட்டுத் தவிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: 100 லிட்டர் தொட்டி. சைக்கிள் (கழிவை மாற்றும் பாக்டீரியா வளரும் காலம்) முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இப்போதே பவளம் வைக்கலாமா சார்?

பதில்: மீனுக்கு அது போதும், பவளத்துக்குப் போதாது. மணலிலும் பாறையிலும் பழுப்புத் தூள் போலப் படியும் டயாட்டம் வந்து, தானே அடங்கட்டும். தொட்டி தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வாரம் இரண்டு முறை அல்கலினிட்டியை (நீரின் காரத்தன்மை, டிகேஎச் என்ற அலகில்) அளந்து தேதியோடு எழுதி வாருங்கள். 8.2, 8.0, 8.1 என்று வந்தால் தொட்டி தயார். 7.4, 9.1, 8.0 என்று தாவினால் இன்னும் இல்லை. பவளத்துக்கு 8 நல்லதா 9 நல்லதா என்பதைவிட, அது நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

மற்றவை: உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 முதல் 26 டிகிரி, கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) சுற்றி, மெக்னீசியம் 1300 சுற்றி. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது ஆர்ஓ-டிஐ முறையில் வடிகட்டித் தாதுக்கள் நீக்கிய நன்னீராக மட்டுமே இருக்க வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பளவு மெல்ல ஏறும்.

கேள்வி: முதலில் வாங்க மூன்று பவளம் சொல்லுங்கள்.

பதில்: டிஸ்கோசோமா காளான் பவளம், டோட்ஸ்டூல் லெதர், டங்கன். முதல் இரண்டும் மென்மையானவை, சுண்ணாம்புக் கூடு கட்டாதவை. அதனால் கால்சியம், அல்கலினிட்டி கொஞ்சம் அசைந்தாலும் தாங்கும். டங்கன் கூடு கட்டும் இனம், ஆனால் தன் நிலையை வெளிப்படையாகக் காட்டிவிடும். நன்றாக இருந்தால் பூப்போல விரியும், ஏதாவது சரியில்லை என்றால் குழாய்க்குள் சுருங்கும். மாதம் ஒன்றாக வையுங்கள். மூன்றையும் ஒரே நாளில் வைத்தால், எது எதனால் வாடியது என்று கண்டுபிடிக்க முடியாது.

டங்கன் போலக் கூடு கட்டும் எல்லாக் கல் பவளங்களும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளவை. உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்த பிறகு, தொட்டியில் வளர்த்து வெட்டிய ஃப்ராக் (சிறு துண்டு) மட்டும் வாங்குங்கள். கடலிலிருந்து எடுத்த துண்டைவிட அதுதான் தொட்டி வாழ்க்கைக்கு எளிதில் பழகும்.

கேள்வி: துடிக்கும் ஜீனியா, பச்சை ஸ்டார் பாலிப் என்ற மென்பவளங்கள் இரண்டும் "சாகவே சாகாது" என்கிறார்களே?

பதில்: அதுதான் சிக்கலே. இரண்டும் பாறை முழுவதும் படரும், பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. பிடித்திருந்தால் மணல் நடுவே தனிப் பாறைத் துண்டில் வையுங்கள். முக்கியப் பாறையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஸ்டார் பாலிப்பைப் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் அழகான பச்சைத் திரையாகப் பரவும்.

கேள்வி: பார் (பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) மீட்டர் இல்லை. விளக்கை எவ்வளவு வைப்பது?

பதில்: காளானுக்கு 50 முதல் 100 பார், சோவாந்திட் (கூட்டமாக வளரும் சிறு பொத்தான் பாலிப்), டங்கன், ஹேமர் (கூடு கட்டும் இன்னொரு பவளம்) ஆகியவற்றுக்கு 80 முதல் 150. மீட்டர் இல்லாவிட்டால் புதுப் பவளத்தை மணலிலேயே வைத்து, விளக்கைப் பாதி அளவில் தொடங்கி, வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள். நிறம் வெளுத்தால் ஒளி அதிகம். சோவாந்திட்டின் காம்பு நீண்டு விளக்கைத் தேடினால் ஒளி குறைவு. வெளுத்த பவளத்தை உடனே நிழலுக்கு மாற்றுங்கள். பழுப்பேறிய பவளத்துக்கு அவசரம் இல்லை. ஒளியையும் இடத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள்.

கேள்வி: நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் லெதர் விரியவே இல்லை.

பதில்: தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். இரண்டும் காய்ந்துபோனால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்பு வழவழப்பு, காற்றுக் குமிழோடு நூல் நூலாகத் தொங்க ஆரம்பிக்கும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிட்டு, ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஓடும் நேரத்தைக் குறைத்து, மீனுக்கு இன்னும் கொஞ்சம் இரை போடுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: லெதரின் மேல் மெழுகு தடவியது போலப் பளபளப்பு இருந்தால் அது தோல் உரிக்கிறது. சில நாள் முதல் இரண்டு வாரம் வரை சுருங்கியே கிடக்கும். நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் உரிந்த படலம் கழன்று போகும். கையால் உரிக்க வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வையுங்கள், லெதர் விடும் ரசாயனம் பக்கத்துப் பவளங்களை நோகடிக்கும்.

கேள்வி: அல்கலினிட்டி 7-க்கு இறங்கிவிட்டது. எப்படி ஏற்றுவது?

பதில்: 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் ஏற்ற, சுத்தமான சோடியம் பைகார்பனேட் சுமார் 3 கிராம் போதும். ஆர்ஓ நீரில் முழுவதும் கரைத்து, வேகமான நீரோட்டத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள், பாதிப் பாதியாக ஏற்றினால் இன்னும் நல்லது. பாறை, மணல் அடைத்த இடம் போக உள்ள நீரைக் கணக்கிடுங்கள். 100 லிட்டர் தொட்டியில் நீர் பெரும்பாலும் 80 லிட்டர்தான் இருக்கும்.

கேள்வி: புதிதாக வாங்கிய சோவாந்திட் ஒரு வாரமாக மூடியே இருக்கிறது அண்ணா.

பதில்: இரவு விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சோவாந்திட் தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), தான் தின்னும் பாலிப்பின் நிறத்திலேயே இருக்கும். ஓரத்துச் சிறு இழைகள் அசையும்போதுதான் கண்ணில் படும். பாலிப்பின் அடியில் வெள்ளைச் சுருளாக முட்டை ஒட்டியிருக்கும். பவள டிப்பில் (பூச்சி நீக்கும் மருந்து கலந்த நீரில் சிறிது நேரம் முக்குவது) நூடிபிராங்க் சாகும், முட்டை சாகாது. அதனால் முட்டையைச் சுரண்டிவிட்டு, ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை டிப் செய்யுங்கள். டிப் நீரைத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. கடையில் கொடுத்த பிளக்கை (பவளம் ஒட்டியிருக்கும் சிறு அடித்தட்டு) கழற்றி எறிந்துவிட்டுப் புதிதில் ஒட்டுங்கள்.

இதைக் கட்டாயம் படியுங்கள்: சோவாந்திட்டிலும், அதன் உறவினமான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறை, கண் காப்புக் கண்ணாடி இல்லாமல் சுரண்டவோ வெட்டவோ வேண்டாம். அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீரில் தேய்க்காதீர்கள். ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறும், வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் "பாலிடாக்சின்" என்று பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹேமர் பவளமும் டார்ச் பவளமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா?

பதில்: கூடாது. ஹேமரும் அதன் உறவினமான ஃப்ராக்ஸ்பானும் பொதுவாக ஒன்றையொன்று தாங்கும், டார்ச் இரண்டையும் கொட்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இரவில் நீளும் இழைகளையும், நீரோட்டம் தள்ளும் பக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹேமரின் சதை கூட்டிலிருந்து பிரிந்து, பழுப்புக் கூழ் வழிந்தால் உடனே வெளியே எடுங்கள். கூழைக் குழாயால் உறிஞ்சி, கெட்ட தலையை (கிளை முனையில் உள்ள பாலிப்பை) வெட்டி நீக்கி, மீதியை அயோடின் டிப் செய்து தனிப் பாத்திரத்தில் வையுங்கள். அந்தக் கூழ் பக்கத்துத் தலைகளுக்கும் பரவும்.

கேள்வி: டங்கனுக்கு இரை போட வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை, போட்டால் புதுத் தலைகள் வேகமாக வரும். வாரம் இரண்டு முறை, பம்ப்பைப் பத்து நிமிடம் நிறுத்தி, ஒரு தலைக்கு ஒரு மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி) போதும்.

கேள்வி: காளான் பவளம் ஒட்டாமல் ஒவ்வொரு முறையும் மிதந்து போகிறது. சூப்பர் குளூவும் பிடிக்கவில்லை.

பதில்: அதன் அடிப்பக்க வழவழப்பில் எந்தப் பசையும் நிற்காது. சிறு பிளாஸ்டிக் டப்பாவில் நகத்தளவு பாறைத் துண்டுகளைப் பரப்பி, காளானை மேலே விட்டு, வலையால் மூடி, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். வலையில் அழுக்கு அடைக்காமல் அவ்வப்போது கழுவுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் அதுவே ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் துண்டைப் பாறையில் ஜெல் பசையால் ஒட்டிவிடலாம்.