பிரயாணத்துக்கான கிளிக்கூடு: கதவையும் இருப்புக் குச்சியையும் முதலில் பாருங்கள்

அக்கரைப்பற்றிலிருந்து கண்டிக்கு வான் வண்டியில் குடிபெயரும்போது வீட்டில் வளரும் கொக்கட்டீலை (கொண்டையுள்ள சிறு கிளி) எத்தகைய கூட்டில் கொண்டு போவது, கடையில் கிடைக்கும் சிறிய வட்டக் கூடு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டக் கூடு வேண்டாம். அதன் கம்பிகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கிக் குறுகும் இடத்தில் விரல் சிக்கிவிட்டால், மிரண்ட பறவை இழுத்து இழுத்தே காலை முறித்துக்கொள்ளும்.

நான் கல்லடியில் வசிக்கிறேன். எங்கள் கொக்கட்டீலைப் பேராதனையிலுள்ள மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் காட்டுவதற்காகச் செங்கலடியால் திரும்பி மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போனோம். நீங்கள் அம்பாறை வழியாக வந்தாலும் மகாஓயாவுக்கு அப்பால் பெரும்பாலும் இதே பாதைதான். அன்று எங்களிடம் இருந்தது, மேலே தூக்கித் திறக்கும் கதவு கொண்ட சிறு கம்பிக்கூடு. மகாஓயாவில் தேநீர் குடிக்க வானை நிறுத்தியபோது என் மனைவி துணியை விலக்கிப் பார்த்தார். பறவை அலகால் கதவைத் தூக்கித் தலையை வெளியே நீட்டியிருந்தது. கதவு அதன் கழுத்தின் மேல் இறங்கிக் கிடந்தது. அது கத்தவே இல்லை. கொண்டை தலையோடு படிந்து, அலகு திறந்தபடி, கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கதவை உயர்த்திப் பிடிக்க, அவர் ஒற்றை விரலால் தலையை மெல்ல உள்ளே தள்ளினார். கழுத்தில் இரண்டு மூன்று இறகுகள் போனதோடு தப்பிவிட்டது. அதனால்தான் கூட்டின் அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கதவைப் பாருங்கள் என்கிறேன். பக்கவாட்டில் திறந்து, வெளியே தாழ்ப்பாள் போடும் கதவே நல்லது. அதற்கு மேலும் ஒரு கொழுக்கி மாட்டிவிடுங்கள். தீனிக் கிண்ணத்தை வைப்பதற்கான சிறு கதவுகளையும் மறக்க வேண்டாம், பறவைக்கு அவையும் கதவுகள்தாம்.

அடுத்தது கம்பி. கொக்கட்டீலுக்குக் கம்பிகளுக்கிடையே அரை அங்குல இடைவெளி போதும். தலை நுழையும் அகலம் எங்கும் இருக்கக் கூடாது. நம் ஊரில் பலரும் வெல்டிங் கடையில் கொடுத்து வலைக்கம்பியில் கூடு செய்விக்கிறார்கள். அந்தக் கம்பியில் பூசப்பட்டிருப்பது பெரும்பாலும் நாக (துத்தநாக) முலாம். கிளியினம் எதையும் அலகால் கொறித்துப் பார்க்கும் இயல்புடையது என்பதால், முலாம் துகள் துகளாக வயிற்றுக்குள் போய் உடலை நஞ்சாக்கும். ஈயப் பற்று வைத்த மூட்டுகளும் அதே ஆபத்தைத் தரும். வினாகிரி ஊற்றித் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் தூள் குறையுமே தவிர, முலாம் போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பூனைகளைக் கொண்டு செல்லும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, அதன் கதவுக் கம்பிகளின் இடைவெளியை அளந்து பார்த்து, உள்ளே ஒரு குச்சியைப் பொருத்திக்கொள்ளலாம். நான் இப்போது வைத்திருப்பது அப்படிப்பட்ட பெட்டிதான்.

அந்தக் குச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகியங்கனையைத் தாண்டியதும் பதினெட்டு வளைவு என்னும் மலைப்பாதை வரும். ஒவ்வொரு வளைவிலும் பறவை காலால் இறுகப் பிடித்துத்தான் தன்னை நிறுத்திக்கொள்ள முடியும். கடைக்கூட்டுடன் வரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சி அதற்கு உதவாது. கொய்யாக் கிளையில் பெருவிரல் தடிப்பில் ஒரு துண்டை வெட்டி, கழுவிக் காயவைத்து, பட்டையை உரிக்காமல், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் அசையாதபடி இறுக்குங்கள். விழுந்தாலும் அடிபடாத உயரம் அது. ஊஞ்சல், மணி, கண்ணாடி எதுவும் உள்ளே வேண்டாம். தரையில் ஒரு பழைய துவாயை விரியுங்கள். பறவை தலையும் வாலும் இடிக்காமல் திரும்பி நிற்கும் அளவே கூட்டின் அளவு. அதிக இடம் கொடுப்பதை அன்பு என்று நாம் நினைக்கிறோம். ஓடும் வானில் அந்த இடம்தான் பறவையைத் தூக்கி எறிகிறது.

பறவைக்கு வியர்க்காது. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். ஆகவே விடியற்காலையில் புறப்படுங்கள்; நிறுத்திய வானில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பறவையை விட்டுச் செல்லாதீர்கள். கூட்டின் மூன்று பக்கத்தைப் பருத்தித் துணியால் மூடி ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள், ஏனெனில் முழு இருட்டில் திடீரென மிரண்டு படபடப்பது கொக்கட்டீலுக்கு உரிய குணம். பின் ஆசனத்தில் வைத்து இருக்கைப் பட்டியால் கட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணம் சிந்தும் என்பதால் வெள்ளரித் துண்டும் தினையும் வைத்து, நிற்கும் இடங்களில் தண்ணீர் காட்டினால் போதும்.

இன்னொன்று. இந்தப் பதிலைப் படித்து நாட்டுப் பச்சைக்கிளிக்குக் கூடு தேடுவோர் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

கூட்டைப் புறப்படும் நாளில் வாங்காதீர்கள். இரண்டு வாரம் முன்னரே வாங்கி, கதவைத் திறந்து வீட்டுக் கூட்டின் அருகே வைத்து, பிடித்த தீனியை உள்ளே போடுங்கள். கண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அதை மடித்து மேலே வைத்துவிட வேண்டாம். 2011 சனவரி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் ஏறியபோது, அன்று வளர்த்த பறவையை அரிசிப் பெட்டிக்குள் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இப்போது ஐப்பசி பிறந்ததும் பெட்டியை அலுமாரிக்கு அருகே திறந்து வைக்கிறோம். மாலையில் விளக்குப் போடும் நேரத்தில் எங்கள் கொக்கட்டீல் தானாகவே உள்ளே போய், அந்தக் கொய்யாக் குச்சியில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.