சினை மாட்டுக்குக் கோடையில் புண்ணாக்கு வைக்கலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கிறேன். இரண்டு காங்கயம் மாடுகள், இரண்டும் ஏழு மாதச் சினை. தை கழிந்ததும் கொழுக்கட்டைப் புல் காய்ந்துவிட்டது. சாயங்காலம் வயிறு நிறையச் சோளத்தட்டு போடுகிறேன், தினம் 2 கிலோ மக்காச்சோள மாவும் கரைத்து வைக்கிறேன். அப்படியும் விலா எலும்பு தெரிகிறது. புண்ணாக்கு வைத்தால் கன்று பெருத்து, ஈனும்போது சிக்கிக்கொள்ளும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்ன செய்யலாம் அய்யா?

பதில்: காலையில் கட்டுத்தரைக்குப் போனதும் சாணியைப் பாருங்கள். பரவி விழாமல், வளையம் வளையமாக அடுக்கி இறுகிக் கிடக்கிறதா? அப்படியானால் தீனியின் அளவு குறையவில்லை, புரதம்தான் போதவில்லை.

காய்ந்த புல்லிலும் சோளத்தட்டிலும் புரதம் 3, 4 சதவீதம்தான். 7 சதவீதத்துக்குக் கீழே போனால், மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். தின்ற தட்டு வயிற்றிலேயே தங்கும். மாடும் தீனியைக் குறைத்துக்கொள்ளும். இதில் மக்காச்சோள மாவை வேறு ஊற்றினால் தட்டு இன்னும் மந்தமாகத்தான் செரிக்கும். காசையும் கொடுத்துக் கெடுத்துக்கொள்கிற வேலை. ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள்.

300, 350 கிலோ எடையுள்ள மாட்டுக்குச் சினையின் கடைசி மூன்று மாதம் தினம் அரை கிலோவுக்குச் சற்று மேல் புரதம் வேண்டும். உங்கள் தட்டும் புல்லும் கால் கிலோவைத் தொட்டால் பெரிது. மீதியை முக்கால் கிலோ கடலைப் புண்ணாக்கு சரிக்கட்டும். பருத்திப் புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய பாதிதான், அதனால் ஒன்றரை கிலோ வேண்டும். மூட்டை விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கால் கிலோவில் தொடங்கி, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு விஷம், சினை மாட்டுக்கு ஆகவே ஆகாது. வேலிமசால், அகத்தி கிடைத்தால் புண்ணாக்கைக் குறைத்துக்கொள்ளலாம். தாது உப்பு தினம் 50 கிராம்.

தினமும் வைக்கத் தோதுப்படாவிட்டால், முழு அளவுக்குப் பழகிய பிறகு இரண்டு நாள் பங்கை ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கலாம். மிஞ்சியதை மாடு யூரியாவாக்கி எச்சில் வழியாகத் திரும்ப வயிற்றுக்கு அனுப்பிக்கொள்ளும், நல்ல கெட்டிக்காரத்தனம்தான். யூரியா கலந்த தீவனம் என்றால் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம்.

சரி, கன்று பெருக்கும் பயம். இந்த அளவுப் புண்ணாக்கால் அப்படி ஆகாது. மெலிந்த மாடுதான் ஈனும்போது முக்கத் தெம்பில்லாமல் திணறும்; சீம்பாலும் குறையும், அடுத்த சினைப் பருவமும் தள்ளிப்போகும். கன்றின் அளவைப் பெரும்பாலும் காளையின் இனம்தான் முடிவு செய்கிறது. காங்கயம் காளைக்குச் சினையானால் கவலை வேண்டாம். பெரிய வெளிநாட்டு இனத்தின் சினை ஊசி போட்டிருந்தால், ஈனும் வாரத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.