ஃபேமிலி 6, மாடல் 142 என்றால் எட்டாம் தலைமுறையா?

சேலம் ஐந்து ரோட்டில் பார்த்த பழைய லேப்டாப்பில் இன்டெல் பிராசஸர் (கணினியின் மூளையான சிப்) விவரமாக 'ஃபேமிலி 6, மாடல் 142' என்று வருகிறது, கடைக்காரர் சொல்வதுபோல் அது எட்டாம் தலைமுறை ஐ5 தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் நம்பிக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஃபேமிலி 6 என்பது 1995-இல் வந்த பென்டியம் புரோ சிப்புக்கே உண்டு, அதனால் தலைமுறையை அறிய அது பயன்படாது. சிக்கல் என்னவென்றால், ஏழாம் தலைமுறை ஐ5-7200யு, எட்டாம் தலைமுறை ஐ5-8250யு இரண்டுக்குமே மாடல் எண் 142தான்! பக்கத்திலேயே வரும் ஸ்டெப்பிங்கை, அதாவது சிப்பின் திருத்தப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். முன்னதற்கு 9, பின்னதற்கு 10. கோர்களும் (சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்) 2, 4 என்று வேறுபடும். விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் 8250யு உண்டு, 7200யு இல்லை.