தலைப்புக்கு முன்னால் ஆளைத் தேடுங்கள்

கேள்வி: கணினி அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். என்எல்பி (மனித மொழியைக் கணினி கையாளச் செய்வது) துறையில், மக்களுக்கு உதவும்படியான தலைப்பில் பிஎச்.டி. செய்ய ஆசை. வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிப்பது, பேரிடர்ச் செய்திகளைப் பிரிப்பது என்று பலரும் செய்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டில் எதையும் எடுக்கலாம். ஆனால் உங்கள் மாடல் (தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்) ஒரு விடை சொன்னதும் அதை வைத்து யார் என்ன செய்யப்போகிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த ஆள் கிடைக்காமல் ஆரம்பித்தால் ஆய்வேடு முடியும், பட்டமும் வரும், யாருக்கும் எதுவும் மாறியிருக்காது.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூகம்பம் வந்தபோது, உதவி கேட்டு 4636 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். வந்தவை பெரும்பாலும் ஹெய்ட்டி கிரியோல் மொழியில். வெளிநாட்டிலிருந்து வந்த மீட்புக் குழுக்களில் பலருக்கு அது புரியாது. அந்த மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தபடியே இணையம் வழியாக மொழிபெயர்த்து, அனுப்பியவர் எங்கே இருக்கிறார், என்ன கேட்கிறார் என்று குறித்துக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் குழு ஒன்று ஐந்தே நாளுக்குள் கிரியோலுக்கு ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தையும் தயார் செய்தது. மீட்பவருக்கு வேண்டியது இடமும் தேவையும்தான். 'இது பேரிடர்ச் செய்தியா, இல்லையா' என்று மட்டும் பிரிக்கிற மாடல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவருக்குப் பாதி வேலைகூட ஆகாது.

வெறுப்புப் பேச்சை எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பேச்சுவழக்கில் எழுதிய சாதாரண ட்வீட்டுகளைக்கூட இந்த மாடல்கள் அதிகமாக 'புண்படுத்துவது' என்று குறித்துவிடுகின்றன என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. மாடல் கற்பதற்காக ஒவ்வொரு ட்வீட்டையும் படித்து, புண்படுத்துவதா இல்லையா என்று லேபிள் போட்டவர்களிடமே அந்தச் சாய்வு இருந்தது. எழுதியவரின் பேச்சுவழக்கு எது என்று முன்கூட்டியே தெரியப்படுத்தியபோது அவர்கள் அப்படிக் குறிப்பது குறைந்தது. யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று மாடலைக் கட்டினோமோ அவர்களுடைய வாயையே அது அடைக்கிறது என்றால், அதைச் சரிசெய்வதே ஒரு முழு பிஎச்.டி.க்குத் தாங்கும்.

கேள்வி: களத்தில் இருப்பவர்களோடு பேசி, தரவு சேர்ப்பதையெல்லாம் 'இது ஆய்வு இல்லை, வெறும் அப்ளிகேஷன்' என்கிறார் என் நெறியாளர். என்ன சொல்வது?

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் மாடலைப் புதுத் தரவில் ஓட்டி ஒரு அட்டவணை போட்டால் அது ஆய்வு ஆகாது. ஆனால் களத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிகிற கேள்விகள் இருக்கின்றன: கொஞ்சமே தரவு உள்ள மொழிக்கு என்ன செய்வது, சந்தேகம் வந்தால் மாடல் தானே முடிவெடுக்காமல் மனிதரிடம் தள்ளிவிட எப்படிப் பழக்குவது, லேபிள் போடுபவர்கள் ஒத்துப்போகாதபோது பெரும்பான்மையை எடுத்துக்கொள்வது சரியா. இதில் ஒன்றை எழுதிக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள். தரவை யார் எழுதினார், யார் குறித்தார் என்று ஆவணப்படுத்துவதும் ஆய்வுதான். 2018இல் பெண்டர், ஃப்ரீட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு ஒரு முறையையே முன்வைத்தார்கள்.

அப்புறம், லேபிள் போடுபவர்களுக்கு ஒழுங்கான ஊதியமும், நாள் முழுக்க வசவுகளையே படிக்காமல் இடைவேளையும் தர உங்கள் பட்ஜெட்டிலேயே இடம் ஒதுக்குங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.