ஏற்ற துணை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தின் சின்னச் சின்னச் சொற்கள்தான் என்னைப் படுத்துகின்றன. 'மீட்' என்று ஒலிப்பவை மட்டுமே மூன்று: சந்திப்புக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, தண்டனை வழங்க ஒன்று. நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்கிறேன். 400 சொற்கள் ஆகிவிட்டன. ஆனால் பழைய ஆங்கில பைபிளில் செடியையும் கனியையும்கூட 'மீட்' என்கிறார்கள். என் பிள்ளைகளோ, நோயைக் குறிக்கும் 'சிக்' என்றால் பிரமாதம் என்கிறார்கள். இப்படி ஒழுங்கே இல்லாத மொழியைக் கற்க எளிய வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

400 சொற்களைக் கையால் எழுதிய உங்கள் பொறுமையை மதிக்கிறேன். ஆனால் அந்த நோட்டின் வலப்பக்கத்தை நினைத்தால் கோபம் வருகிறது. 'ஒரே ஒரு பொருள்' என்கிறீர்களே, அதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் வாசகம் ஒன்றைத் தமிழாக்கக் கொடுத்தார்கள். இதை வைத்திருப்பவரை 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்று வரும். 'லெட்' என்றால் விடுவது, அனுமதிப்பது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 'அனுமதியோ இடையூறோ இன்றி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் சிவப்புப் பென்சிலால் 'அனுமதி'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "அனுமதி இல்லாம எப்படிப்பா போவான்?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது.

அகராதியைப் புரட்டினால், பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்று விடு, இன்னொன்று தடு. காலப்போக்கில் தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. தடுப்பவன் வழக்கொழிந்தாலும் கடவுச்சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு கட்டத்துக்குள் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதுவும் அவன்தான்.

ஒழுங்கில்லாத மொழி என்று எழுதிவிட்டீர்கள். அதை நான் ஒப்பமாட்டேன். இறைச்சிக்கான மீட்டில் 'ஈ'க்குப் பின் 'ஏ' வருகிறதல்லவா? சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் அது 'மேட்' என்பதுபோல் ஒலித்தது. பிறகு ஒலி நகர்ந்து சந்திப்பின் மீட்டோடு கலந்தது. எழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதே 'ஈ ஏ' கூட்டு, 'கிரேட்', 'பிரேக்' என்ற சொற்களில் இன்றும் ஏகாரமாகவே ஒலிக்கிறது. மரத்தையும் மறத்தையும் பேச்சில் ஒன்றாக்கிவிட்டு எழுத்தில் பிரிக்கிற நாம் இதைக் குறை சொல்லலாமா? செடியும் கனியும் மீட் ஆனதும் குழப்பமில்லை. அன்று எந்த உணவும் மீட்தான். பின்னால்தான் இறைச்சி என்று சுருங்கியது. இனிப்புப் பண்டத்துக்கு 'ஸ்வீட்மீட்' என்ற பெயர் அப்படி வந்தது. நறுமணமாக இருந்த நம் 'நாற்றம்' எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

தண்டனைக்கான மீட்டுக்கு அடிப்படைப் பொருள் 'அள'. அது போதும். 'சிக்'கைப் பற்றி உங்கள் பிள்ளைகளையே கேளுங்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை.

நீங்கள் கேட்காத மீட் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சில நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சந்திப்பின் எழுத்தேதான் அதற்கும். பொருள், 'தகுந்த', 'ஏற்ற'. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், ஆதாமுக்கு 'ஆன் ஹெல்ப் மீட் ஃபார் ஹிம்' உண்டாக்குவேன் என்கிறார் கடவுள். ஹெல்ப் துணை, மீட் ஏற்ற. இரண்டும் தனிச் சொற்கள். பின்னால் வந்தவர்கள் பழம்பொருளை மறந்து இரண்டையும் ஒட்டி 'ஹெல்ப்மீட்' என்று ஒரே சொல்லாக்கி, மனைவிக்குப் பெயராக வைத்தார்கள். அதுவும் விளங்காமல் 'ஹெல்ப்மேட்' என்ற சொல்லும் கிளம்பியது. தமிழ் பைபிளை எடுத்துப் பாருங்கள்: 'ஏற்ற துணை'. பிசகவே இல்லை!

இது வெறும் எழுத்துக் கணக்கில்லை, க. எபிரேய மூலத்தில் 'ஏற்ற' என்பதற்கான சொல்லுக்கு அவனுக்கு எதிரே, அவனுக்கு நிகராக நிற்பது என்ற பொருள் உண்டு. 'ஏற்ற' என்பது கரைந்துபோனால் மிஞ்சுவது 'உதவி' மட்டும். நிகராக நின்றவளைக் எடுபிடி வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னச் சொல்லின் பொருள் மறந்ததும் அதற்குத் துணை போயிருக்கிறது என்றே நம்புகிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வலப்பக்கத்தில் எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அங்கே, அந்தச் சொல்லை நீங்கள் பார்த்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். மீட்டுக்கு நான்கு வாக்கியம் வேண்டும். எழுதியதும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.