வாசகர் கேள்வி பதில்: வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டதா?

கேள்வி: ஐயா, நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். சென்ற டிசம்பர் 31ஆம் திகதி இரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், உங்கள்பேரில் இருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வசனம் இருந்தது. அதை எங்கள் கலியாணப் படத்தின் சட்டத்தில் செருகி வைத்தேன். மார்ச் மாதம், தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விளங்காமல் போயிற்று. அடுத்து வந்த உயர்தரப் பெறுபேற்றில் மகனின் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. "வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிட்டால் மூன்று மாதத்தில் எழுந்து நடப்பார்" என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். உபவாசமிருந்தும் பார்த்துவிட்டேன். பாடகர் குழுவில் நின்று நன்றிப் பாட்டுப் பாட எனக்கு வாய் வரவில்லை. இனியும் ஆண்டவரை எப்படி நம்புவது?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அட்டையிலுள்ள வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது. வீடு வாசலை இழந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அதை எழுதினார். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று கர்த்தர் சொல்வதற்குச் சரியாக ஒரு வசனம் முன்னால், திரும்பி வருவதற்கு 70 ஆண்டுகள் ஆகும் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த நாளைக் காணப்போவதில்லை என்பது எழுதியவருக்கும் கேட்டவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அட்டை அச்சிடுகிறவர்கள் 10ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11ஆம் வசனத்தை மட்டும் தருவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகிற காரியம்.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் இன்றிரவே வாசியுங்கள். அனனியா என்ற ஒருவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்திலே எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தருடைய நாமத்தில் சொன்னான். கேட்பதற்கு அது இனிமையான செய்தி. எரேமியாவே அதைக் கேட்டு, ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அந்தத் தவணை கர்த்தர் கொடுத்ததல்ல. மூன்று மாதத்தில் எழுந்து நடப்பார் என்று உங்களிடம் சொன்னவர்கள் அன்பினால் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஆண்டவர் குறிக்காத நாளை அவர் பெயரில் குறித்துக் கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. தவறினால், தவறுவது அவர்கள் சொன்ன தவணைதான். அதை ஆண்டவருடைய வார்த்தையின் கணக்கில் எழுதாதீர்கள்.

நம்முடைய மலையகத்துச் சபைகளுக்கு இந்த நீண்ட காத்திருப்பு புதியதல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்துச் சிற்றாலயங்களில் முழங்காலில் நின்று கேட்டதற்கு, எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. கேட்டவர்களில் பலர் அதற்குள் இந்த மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டுவிட்டார்கள். அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல என் நாவு எழாது.

மறைவான பாவம் என்ற பேச்சைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று இயேசு சொன்னார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றியும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளல்ல என்றே சொன்னார். உங்கள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து பாவத்தைத் தேடும் வேலையை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

பாட வாய் வராவிட்டால் சில ஞாயிறுகள் பின்வரிசையில் உட்காருங்கள். கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். சமாதானத்தின் நினைவுகளைப் பற்றி எழுதிய அதே எரேமியாதான், நீர் எனக்கு வற்றிப்போகிற தண்ணீரைப்போல இருப்பீரோ என்று கர்த்தரையே கேட்டவர். 15ஆம் அதிகாரத்தில் அது அப்படியே இருக்கிறது, யாரும் அதை அழிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்பதும் நம்புகிறவர்கள் செய்கிற காரியமே. நம்பிக்கை அற்றுப்போனவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அந்தக் கடிதத்தில் கட்டளையும் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் பண்ணுங்கள். திரும்பும் நாள் எட்டாத தூரத்தில் இருக்கும்போதும் இன்று செய்ய வேண்டியதைச் செய்வதை ஆண்டவர் எதிர்பார்த்தார். ஆகையால், ஜெபம் பண்ணிவிட்டோம் என்று யார் சொன்னாலும் கணவரின் பிரஷர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். கைப்பயிற்சிக்குச் சொன்ன கிளினிக் நாட்களைத் தவறவிடாதீர்கள். அவரால் இனி வேலை செய்யவே முடியாதென்று மருத்துவர் சான்றளித்தால், 55 வயதுக்கு முன்பே ஊழியர் சேமலாப நிதியைப் பெற வழியிருக்கிறது. தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம் என்பது மகனுக்குத் தெரிந்திருக்கும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களுக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானியையும் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே படித்து வெளிவந்த ஆசிரியர்கள் பலர் நம் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கிறார்கள்.

கேள்வி: பக்கத்து லயத்தில் வீட்டுக்காரர் நோயில் விழுந்து கஷ்டப்படும் ஒரு குடும்பம் இருக்கிறது. போய்ப் பார்க்க ஆசை, என்ன பேசுவதென்று தெரியாமல் தயங்குகிறேன். (அட்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போங்கள் தம்பி. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. பேசத் தொடங்கி, அவன் பாவத்தை ஆராயப் புகுந்த பிறகுதான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். கிளினிக் நாளில் விடியற்காலையில் போய் நம்பர் எடுத்துக் கொடுக்கலாம். அந்த அம்மா மலைக்குப் போன நேரத்தில் நோயாளியின் அருகில் இருக்கலாம். ஜெபிக்கச் சொன்னால் சுருக்கமாக ஜெபியுங்கள். சொல்லாவிட்டால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே போங்கள்.